பழைய ஃபைலா, புதியதா

தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்த அண்ணனுக்கு அதில் பைத்தியம். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. இன்றும்தான்.

மென்பொருளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரு சின்ன ஃபைல் உண்டு. சிடியிலிருந்து மட்டும் எடு என்று அண்ணன் அதில் எழுதி வைத்திருந்தான். அப்போதெல்லாம் இன்டர்நெட் போன் லைனில்தான் வரும், அது ஓடினால் வேறு போன் வராது. வீட்டில் இருந்த ஒரே லைனை அது தொடக்கூடாதே.

அம்மையை நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் கூட இருந்தேன். அண்ணன் வீட்டில் போன் பக்கத்தில் இருப்பான், ஏதாவது என்றால் பைக்கில் வந்துவிடுவான் என்று பேச்சு. கை சும்மா இருக்குமா? லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருக்கிறான். நடுவில் அது, அந்தப் பழைய ஃபைலையே வைக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறது. புதியதைப் போடச் சொல்லிவிட்டான், திறந்துகூடப் பார்க்காமல். அதில் இருந்ததெல்லாம் இன்டர்நெட் முகவரிகள். சிடி உள்ளே கிடக்க, பெட்டி சத்தமில்லாமல் போன் லைனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் அம்மைக்கு மூச்சு முட்டியது. வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர்.

"மூத்தவன் வந்தானா மக்கா?" என்று அம்மை கேட்டாள்.

வாசலில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். எங்கேஜ். திரும்பி வந்தால் அம்மை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஓடினேன்.

"இப்பளும் எங்கேஜாக்கும்," என்றார் பூத்காரர்.

ஆட்டோ அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கேஜ் என்றால் யாரோ பேசுகிறார்கள், இதோ முடித்துவிடுவார்கள் என்றுதானே தோன்றும்? அண்ணன் யாரிடமோ அரட்டை அடிக்கிறான் என்று பல்லைக் கடித்தேன். ஒவ்வொரு முறை நான் திரும்பும்போதும் அம்மை அதையே கேட்டாள். கடைசி முறை கேட்கவில்லை.

சொல்வதற்கு நானேதான் ஆட்டோவில் போனேன். நாலு அறை விட வேண்டும் என்ற வெறியோடு உள்ளே நுழைந்தேன். அண்ணன் திரை முன்னால், போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன எலே, நீயே வந்திட்ட? போன் அடிக்கவே இல்ல பாத்துக்க. அம்மைக்கு சொகமாயிட்டுன்னாக்கும் நெனச்சேன்."