ஃபிளெக்ஸில் முளைத்த கை

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கீரமங்கலம் பேருந்து நிலையத்தில் நாகராசுவுக்கு இடது கை முளைத்தது. முல்லைப்பூவைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பொங்கல் கபடிப் போட்டி மேடையில் அவருக்குச் சால்வை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்; அதற்கு வைத்த இருபதடி ஃபிளெக்ஸ். அதில் முக்கால்வாசியை ஒரு சினிமா நடிகர் அடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் முழங்காலுக்குக் கீழே, ராணுவ உடுப்பில், இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்தபடி நாகராசு நின்றார். நெஞ்சில் பதினோரு பதக்கம்.

முகம் மட்டும்தான் அவருடையது; போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. கழுத்துக்குக் கீழே அந்த நடிகரின் உடம்பு. ஏதோ ஒரு படத்தில் மேஜராக வந்து, அடுத்த ஆள் துணையில்லாமல் எல்லையைக் காப்பாற்றியபோது எடுத்தது. நாகராசுவின் சொந்த இடது கை முழங்கையோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை 1999 ஜூன் மாதம் கார்கில் மலையில் விட்டுவிட்டு வந்தார்.

பத்தொன்பது வயதில் திருச்சிக்குப் போய் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற வரிசையில் நின்றவர். கையில்லாமல் திரும்பியபோது ஊர் மேளம் வைத்து அழைத்தது. பத்து நாள் அதே பேச்சு. அப்புறம் தீபாவளிக்குப் படம் வந்தது, ஊர்ப் பேச்சு படத்துக்குப் போய்விட்டது. அதற்காக அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியவில்லை. அரை ஏக்கரில் முல்லை வைத்தார். சட்டைக் கையை மடித்து ஊசி குத்தி, கழுத்தில் துணிப்பையைத் தொங்கவிட்டு, இரண்டு கைக்காரர்களுக்குச் சமமாகப் பறிப்பார். கால் கட்டைவிரலில் நாரை மாட்டி மாலையும் கட்டுவார். புதுப்படம் வந்தால் கட்-அவுட்டுக்கு ஆளுயர மாலை கேட்டு வருவார்கள்.

"நாட்டுக்குக் கையக் குடுத்தவரு கட்டுன மாலைய அட்டைக்குப் போடுறானுங்க" என்று மனைவி திலகவதி பொருமுவாள்.

"எங்க போட்டாலும் பூ மணக்கத்தானடி செய்யும், விடு" என்பார் இவர்.

அந்தக் கை கதிரடிக்கிற மெஷினில் போய்விட்டதாக ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. எவன் கிளப்பிவிட்டானோ தெரியாது. இது அவர் காதுக்கும் வந்ததுதான். கேட்காதவனிடம் வலியப் போய் என்னத்தைச் சொல்வது என்று இருந்துவிட்டார்.

ஆனால் இன்றைக்குப் பொறுக்க முடியவில்லை. மறந்தது வேறு, இப்படி ஒட்டுப் போடுவது வேறு. இல்லாத கையோடு கபடி அன்றைக்கு மேடை ஏறிச் சால்வை வாங்கினால், இருந்ததெல்லாம் பொய்யென்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். டீயைக்கூடக் குடிக்காமல் ஃபிளெக்ஸ் கடைக்கு நடந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் தேவிப்ரியா என்ற பெண் இருந்தாள். சுற்றுவட்டாரத்துக் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைவேலைதான்.

"ஏம்மா, எனக்கு இந்தக் கை எங்கிட்டிருந்து வந்துச்சு?"

அவள் ஊசி குத்திய சட்டைக் கையைப் பார்த்தாள். "அய்யா, சத்தியமாத் தெரியாதுங்க. வாட்ஸ்அப்புல தலை மட்டும்தான் அனுப்பிச்சாங்க. மிலிட்டரி டிரெஸ்னாங்க. கைவசம் இருந்த உடம்பப் போட்டுட்டேங்க."

"பதக்கமும் ஒரு குத்து அள்ளிப் போட்டுட்டியா? எனக்குக் குடுத்தது மூணுதாம்மா. மிச்சத்த எடுத்துரு. அத வாங்குனவன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவள் போன் போட, ஃபிளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்த சரவணக்குமார் வண்டியில் பறந்து வந்தான். நாகராசுவின் சித்தப்பா பேரன். அந்த நடிகரின் மன்றத் தலைவன். கபடிப் போட்டியைத் தொடங்கி வைக்க நடிகரைக் கூப்பிட மூன்று மாதம் நாயாய் அலைந்தவன்.

"பெரியப்பா, இதுல செம மாஸா இருக்கீங்க. கை இல்லாமப் போட்டா பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். மெஷின்ல போன கையப் போயி ஃபிளெக்ஸ்ல காட்டணுமா?"

ஊரான் சொன்னபோது வலிக்காதது, சொந்தப் பங்காளி பிள்ளை வாயில் வந்தபோது சுருக்கென்றது. நாகராசு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெஷின்ல போகலடா. ஷெல்லு விழுந்துச்சு. கை தோல்ல தொங்குச்சு. பெல்ட்ட எடுத்து இறுக்கிக் கட்டிக்கிட்டேன். பக்கத்துல ஒருத்தன் வயித்துல அடிபட்டுக் கெடந்தான். அவன வலது தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடியக் கீழ எறங்குனேன். ஆஸ்பத்திரியில கைய எடுத்துட்டாங்க. அம்புட்டுத்தான். கையில்லாத படத்தப் போடு. இல்லையா, நீங்க நடிகர வச்சே நடத்திக்கங்க. எனக்குப் பூப்பறிக்க நெறையக் கெடக்கு."

தேவிப்ரியா எழுந்து வந்தாள். "சட்டைக் கைய மேல ஏத்தி விடுங்கய்யா, நானே போட்டோ எடுக்குறேன்."

நாகராசு ஊசியைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டார். வெளியிடத்தில் அந்தக் கையைத் திறந்து காட்டியது அதுதான் முதல் தடவை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை, காற்றோட்டமாக இருந்தது.

மறுநாள் புது ஃபிளெக்ஸ் ஏறியது. வெள்ளைச் சட்டை, மூன்று பதக்கம், பாதிக் கை. திலகவதி டவுன் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அந்த நடிகருக்கு நீங்க எவ்வளவோ தேவல" என்றாள்.

கபடி அன்றைக்கு நடிகர் கார் திடலுக்குள் நுழைந்ததும், நாகராசுவுக்குச் சால்வை போட வந்துகொண்டிருந்தவரே சால்வையோடு காரை நோக்கி ஓடினார். மேடை காலி. நாகராசுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பார்த்தால், சரவணக்குமார் மட்டும் நாற்காலி ஓரத்திலேயே நிற்கிறான்.

"ஏன்டா நிக்கிற? போயி ஒரு போட்டோ எடுத்துக்க. மூணு மாசம் அலைஞ்சயில்ல?"

"இருக்கட்டும் பெரியப்பா. அன்னைக்குக் கேக்கணும்னு நெனச்சேன், வாய் வரல. நீங்க தூக்கிட்டு வந்தவரு பொழைச்சாரா?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. கூட்டத்தின் இரைச்சலில் தன் குரல் எடுபடாது என்று நாகராசு அவன் தோளைப் பிடித்துக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"இல்லடா. பாதி வழியிலயே மூச்சு நின்னுபோச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் அவன எறக்கி வைக்கல."