குழலுக்குள் காய்ந்த சந்தனம்

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையில் சண்டைக் காட்சி எடுத்தார்கள். படப்பிடிப்புகளுக்குத் துப்பாக்கி கொண்டுபோய், சரிபார்த்து, நடிகர் கையில் கொடுப்பது என் வேலை. அன்று வில்லன் சுட வேண்டும். ஸ்டண்ட் கலைஞர் செல்வம் விழ வேண்டும்.

பிளாங்க் தோட்டாவில் மருந்து மட்டுமே இருக்கும், குண்டு கிடையாது. ஆனால் குழலுக்குள் எது அடைத்திருந்தாலும் அதுவே குண்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் துப்பாக்கியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இதுதான் விதி.

“லைட் போகுது சார், சீக்கிரம் குடுங்க” என்றார் இயக்குநர். “பூஜை போட்ட துப்பாக்கிதானே, சாமி பாத்துக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செல்வம் மட்டும் பக்கத்தில் வந்தார். “உள்ள பாத்துட்டியாண்ணா? நாளைக்கு என் பொண்ண பாக்க மாப்ள வீட்டுல வராங்க. அப்பன் மூஞ்சி முக்கியம்.”

“பாத்தாச்சுப்பா, போய் நில்லு.”

நான் பார்க்கவில்லை.

குறி அவர் தோளுக்கு ஓரமாகத்தான் இருந்தது. சத்தம் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நடிப்பென்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். விரல்களுக்கிடையே ரத்தம் வந்தது.

பூஜையன்று குழல் முனையில் கட்டைவிரலால் அழுத்திச் சந்தனம் வைத்தவன் நான். மறுநாள் வெளியே துடைத்தேன். உள்ளே இறங்கியது கட்டியாகக் காய்ந்திருந்தது. அது சிதறிக் கண்ணில் பட்டது.

வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. எதிர்பாராத விபத்து என்று கம்பெனியில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் பீர்க்கன்கரணையில் இருந்த அவர் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்ணா” என்றார். “டார்ச்சு உன் பையவிட்டு வெளியவே வர்ல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“அப்புறம் ஏம்ப்பா நின்னே?”

“அத்தினி பேரு நிக்கசொல்ல மறுபடியும் கேட்டா, பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பானுங்க. அடுத்த படத்துக்கு கூப்ட மாட்டானுங்க.”

விதியை நான் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது காலித் துப்பாக்கியைத் திறந்து, எதிரே நிற்கப்போகிறவர் கையில் டார்ச்சைக் கொடுக்கிறேன். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகே தோட்டா போடுகிறேன். அதற்கு அரை நிமிடம் ஆகிறது.