எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு படி

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில் ஒரு காலை நேரம். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர் ஸ்டேஷன். மிகச் சின்னது.

இளம்பிள்ளை வாதத்தில் எனக்கு இடது கால் சூம்பிப்போனது. ஊன்றுகோலோடுதான் நடப்பேன். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் கவுன்டர் வேலை. பஸ் நெரிசலில் என்னால் நிற்க முடியாது என்பதால் தினமும் ரயில்தான். எங்கள் ஊர் பிளாட்பாரமோ தரையோடு தரையாகக் கிடக்கும். பெட்டியின் முதல் படியே எனக்கு இடுப்பு உயரம். கூட வரும் பெண்கள் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, கணவர் கீழிருந்து தூக்கிவிட, மூட்டை மாதிரி உள்ளே போய் விழுவேன். யாரும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் கூசும்.

அன்றைக்குப் படி வழுக்கிவிட்டது. ஊன்றுகோல் கீழே விழுந்தது, வண்டியும் நகர ஆரம்பித்துவிட்டது. மேலே இருந்தவர்கள் பிடித்த கையை விடவில்லை. எப்படியோ உள்ளே இழுத்துப் போட்டார்கள். திருச்சியில் ஊன்றுகோல் இல்லாமல், கூட வந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி நடந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் வேலைக்குப் போகலைங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கூட ரயிலில் வரும் பெண் ஒருத்தி வீடு தேடி வந்தாள். திருச்சியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவள்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஸ்டேஷனுக்கு வாங்க."

"ஒங்களுக்கெல்லாம் எதுக்கும்மா என்னால செரமம்?"

"தூக்கிவிடக் கூப்பிடலக்கா. வந்து பாருங்க."

மறுநாள் போனேன். பிளாட்பாரத்தில் ஓர் இரும்புப் படி நின்றது. ஒரு பக்கம் கைப்பிடி, பச்சை பெயின்ட். முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு அவளே பற்றவைத்தது. உயரத்தை அளந்து கொடுத்தது என் கணவர் என்று அப்போதுதான் தெரிந்தது. டிக்கெட் கொடுப்பவர் தன் அறையில் வைத்துக்கொள்ள இடம் தந்திருந்தார். வண்டி நகருவதற்குள் இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் சொன்னது.

வண்டி வந்தது. படியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு நேராகப் போட்டார்கள். ஊன்றுகோலை மேலே கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றினேன். கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்த கார்டு, பச்சைக் கொடியைக் காட்டாமல் இறக்கிப் பிடித்தபடி நின்றார். யாரும் என்னைத் தொடவில்லை. ஒவ்வொரு படியாக நானே ஏறினேன். எனக்குப் பின்னால் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும், பூக்கூடையோடு ஒரு பெரியவரும் அதே படியில் ஏறினார்கள்.

"அக்கா, இங்கிட்டு சன்னல் ஓரமா ஒக்காருங்க" என்றாள் வெல்டிங் பெண். உட்கார்ந்தேன். கண் நிறைந்துவிட்டது, வயல்களைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்தார்கள். எங்கள் வண்டியிலிருந்து அந்தப் படி வழியாகவே இறங்கிய அதிகாரி ஒருவர், "இது யாரோடது?" என்று கேட்டார். டிக்கெட் கொடுப்பவர் தயங்கினார். ஏறுவதற்காக நின்ற நான் முன்னால் வந்தேன்.

"எங்க ஊரோடதுங்க சார். பிளாட்பாரத்த ஒசத்திக் குடுங்க, நாங்களே எடுத்துர்றோம்."

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். ஆனால் அடுத்த வருஷம் பிளாட்பாரத்தை உயர்த்திக் கட்டிவிட்டார்கள்.

இப்போது யார் துணையும் இல்லாமல் ஏறி இறங்குகிறேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், பெரிய ஊர்க்காரர்கள்கூட அப்படிச் சொல்லமாட்டார்கள், அத்தனை பெருமையாக எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்கிறேன்.