இன்ஸ்பெக்டர் வாங்கிய கடலைக் கூலி

போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விழா. குடிபாலாவுக்குப் பக்கத்தில், வண்டிப்பாதையில் போய்ச் சேர வேண்டிய சின்ன ஊர். ஐந்தாம் வகுப்பு ஆரம்பிக்க ஜில்லா போர்டு அனுமதி கொடுத்துவிட்டதாம் – அதற்குத்தான் தோரணம், லட்டு எல்லாம். "பள்ளியின் சரித்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை..." என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

சரித்திரமா? கவர்னர் துரை வந்து அடிக்கல் நாட்டினாரா, என்ன? எங்கள் பள்ளிக்கூடம் பிழைத்ததே வேர்க்கடலையால்தான். அதைச் சொன்னேன். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் நெளிந்தார்கள். நீங்களாவது கேளுங்கள்.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அது வெறும் கீற்றுக் கொட்டகை. கிறிஸ்தவ சபையாரும் விவசாயக் குடும்பத்தாரும் சேர்ந்து போட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம், மற்ற நாளில் பாடம். ஒரே ஆசிரியை – சித்தூர் மிஷனிலிருந்து வந்த எஸ்தர் டீச்சர்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, 'பிள்ளைகள் படிக்கிறார்கள்' என்று எழுதினால்தான் அங்கீகாரம். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் பையன்கள் தூரத்துப் பள்ளிக்கு நடந்து போவார்கள். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? எனக்கு அடுப்பங்கரை தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது எனக்கு.

அந்த இன்ஸ்பெக்டர் எப்போது வந்தார் தெரியுமா? கடலை பிடுங்குகிற வாரத்தில்! அந்த வாரம் ஊரில் கை இருக்கிற அத்தனை பேரும் நிலத்தில்தான். ஆண்கள் செடியைப் பிடுங்கிக் குவிப்பார்கள்; பெண்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்வோம். ஆய்ந்ததில் ஒரு பங்கு கூலி. அன்று பார்த்து வானம் வேறு கறுத்துவிட்டது.

டீச்சர் நிலத்துக்கு ஓடி வந்தார். "முனிரத்தினம் அண்ணே, ஒரு மணி நேரம் புள்ளைங்கள வுடுங்கண்ணே. இன்ஸ்பெக்டர் வந்துக்கினு கீறாரு!"

நிலத்துக்காரரான முனிரத்தினம் மாமா வானத்தைப் பார்த்தார். "மழ வந்தா அத்தினியும் மொளச்சிபூடும் டீச்சரம்மா. வேணும்னா பள்ளிக்கூடத்த இங்க கொண்ணாந்துடு."

கிண்டலாகத்தான் சொன்னார். டீச்சர் நிஜமாகவே கொண்டுவந்துவிட்டார்! கரும்பலகையை வேப்பமரத்தில் சாய்த்தார். கை காயை ஆய, வாய் வாய்ப்பாட்டைச் சொல்ல... பாடம் ஆரம்பமானது.

கோட்டும் தலைப்பாகையுமாக இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்து இறங்கினார். நாற்காலிக்கு எங்கே போவது? கோணிப்பையை விரித்து, கடலைக் குவியலுக்கு முன்னால் உட்கார வைத்தோம். கேள்வி கேட்டார், சொன்னோம். கணக்குப் போட்டார், போட்டோம். நடுவில் அவர் கை மெல்ல ஒரு செடியை இழுத்தது. குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கை சும்மா இருக்குமா? கொஞ்ச நேரத்தில் அவரும் எங்களோடு சேர்ந்து கூடையில் காயைப் போட்டுக்கொண்டிருந்தார்.

தூறல் விழுவதற்குள் ஆய்ந்து முடித்தோம். இன்ஸ்பெக்டர் வண்டி ஏறினார். முனிரத்தினம் மாமா ஒரு பை கடலையைக் கொண்டுபோய் வண்டியில் அவர் பக்கத்தில் வைத்தார்.

"இதேமிடி? லஞ்சமா?" – இது என்ன என்று தெலுங்கில் ஒரு அதட்டல். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது.

"லஞ்சம் இல்ல சாமி, கூலி. நீங்க ஆஞ்சதுக்கு. ஆஞ்சவங்கள வெறுங்கையோட அனுப்பிச்சா அடுத்த வருசம் எங் கொல்லிக்கு ஆய எவன் வருவான்?"

"நான் கவர்ன்மெண்ட் உத்தியோகஸ்தன்யா!"

"இருந்துட்டுப் போங்க. அதுக்காவ கூலி இல்லன்னு ஆயிடுமா?"

அவர் பையைத் தொடவில்லை, இறக்கி வைக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விறைப்பாக உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

"கெடுத்தியே முனிரத்தினம்!" என்று என் அப்பா – எனக்கு நைனா – தலையில் கை வைத்துக்கொண்டார். மாமாவுக்கோ ஒன்றும் புரியவில்லை. கூலி கொடுத்தது ஒரு குற்றமா? நான் அன்று அழுத அழுகை இருக்கிறதே!

மறுநாள் காலையில் டீச்சர் பெட்டியைக் கட்டிவிட்டார். சித்தூருக்குப் போய், 'பள்ளிக்கூடம் போச்சு' என்று மிஷனில் சொல்ல வேண்டுமே! வழியனுப்ப நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் மூக்கை உறிஞ்சியபடி.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டித்தடத்தில் ஒரு கடலைத் தோல் கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் நாலைந்து... அப்புறம் பெரிய ரோடு வரைக்கும் ஒரே தோல்!

நைனா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வூட்டுக்குத் திரும்பு டீச்சரம்மா. கோவமா போற மன்சன் வழி நெடுக கடல துன்னுக்கினா போவான்?"

அங்கீகார உத்தரவு பிறகு தபாலில் வந்தது – பிரித்துப் பார்க்க யாரும் அவசரப்படவில்லை!