நூல் பட்ட மாதிரி

மண்ணெண்ணெய் வரிசை நகரும்போது ஆதிமூலம் நடப்பதில்லை. வலது காலை ஒரு சாண் முன்னே வைக்கிறார். இடது கால் குறுக்காகவே நின்று, பிறகு வந்து சேர்ந்துகொள்கிறது. முழங்கால்கள் மடிந்தே இருக்கின்றன. கையில் டின்.

"கால்ல முள்ளு குத்திச்சா, மேல சாமி வந்துச்சா?" என்பாள் மனைவி அமிர்தவல்லி.

"வாள்சண்டை பழகுறேன்டி. காலு ஒழுங்கா வந்தாதான் கையில வாள் குடுப்பாங்களாம்."

"ஏன், மில்லுல போடுற சண்ட பத்தலயா?"

ஆதிமூலத்துக்கு வயது முப்பத்தெட்டு. நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே நாள் முழுக்க நடந்து, அறுந்த இழைகளை விரலால் ஒட்டுவது வேலை. இரைச்சலில் காது பாதி மந்தம். ஞாயிறு காலைகளில் உப்பளம் என்ற பேட்டையில், கடற்காற்று புகுந்து போகும் கூடம் ஒன்றில், பிரான்சில் படித்துவிட்டு எழுபத்தெட்டாம் ஆண்டில் திரும்பிய ரொசாலி வாள்சண்டை சொல்லித்தருகிறாள். அவள் "அலே" என்றால் தொடங்க வேண்டும். அவர் காதில் அது "அலை" என்றுதான் விழுந்தது. மூன்று மாதம் அலையாகவே ஏறினார், இறங்கினார். மில்லில் பஞ்சு நுரைபோல மிதக்கும்போதும் அப்படியே. பிரெஞ்சில் 'போ' என்று அர்த்தம் என யாரோ திருத்தினார்கள்.

"இருக்கட்டும். எனக்கு அலைதான் தோதா இருக்குது" என்றார்.

கூடத்தில் மிச்சமிருந்தது ஒரே வாள். அதற்காகக் காத்திருந்தவர்கள் இருவர்: ஆதிமூலமும் தபால்காரர் பாவாடையும். மற்றவர்களின் வாள்கள் இரண்டை இரவல் வாங்கித் தந்து, முதலில் ஐந்து முறை தொடுபவருக்கு அந்த வாள் என்றாள் ரொசாலி. பட்டால் பட்டவரே கையைத் தூக்கிவிட வேண்டும்.

நாலுக்கு நாலு. முகமூடியின் கம்பிவலைக்குப் பின்னால் கூடம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல மெதுவாகிவிட்டது. பாவாடையின் வாள்நுனி வந்தது. ஆதிமூலம் அதைத் தட்டிவிட்டு, அதே மூச்சில் நீட்டினார். அவர் வாள் பாவாடையின் நெஞ்சில் வில்லாக வளைந்தது.

பாவாடை கையைத் தூக்கினார். "சர்தான்யா, ஒன்னுதுதான். எடுத்துக்க."

ஆனால் தட்டிவிடுவதற்கு முன்பே ஆதிமூலத்தின் நெஞ்சில் ஏதோ பட்டிருந்தது. அறுந்த நூல் விரலில் படுமே, அந்த மாதிரி. ரொசாலி பார்க்கவில்லை. தொட்ட பாவாடைக்கே தெரியவில்லை.

"பிடிங்க முசியே. இனிமே இது ஒங்களுது." ரொசாலி வாளைத் திருப்பி, பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

ஆதிமூலம் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிடியை ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையை மெல்லத் தலைக்கு மேல் தூக்கினார்.