பெரியதம்பி மாமா மகளும் ரெண்டு கம்பஸும்

எங்க கொழுந்தியா புஷ்பத்துக்குக் கடவுள் ரெண்டு காது வைக்கல. ரெண்டாயிரம் காது வச்சு, முடிக்குள்ள மறைச்சு அனுப்பியிருக்கான். காலையில கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டேண்ட்ல தெல்தெனிய பஸ் ஏறும். பஸ் வழியில உள்ள திகனயத் தாண்டுறதுக்குள்ள, பக்கத்து சீட்டுல உக்காந்த பொம்பளை தன் கல்யாணத்துல ஆரம்பிச்சு கர்ப்பப்பை ஆபரேஷன் வரைக்கும் சொல்லி முடிச்சிரும். முன்னப்பின்ன தெரியாத பொம்பளை! நான் அதே குட்ஷெட்ல த்ரீவீல் ஓட்டுறேன். என்கிட்ட ஏறுறவங்க "எவ்வளவு?"ன்னு ஒரு வார்த்தை கேக்குறாங்க, அதோட சரி.

கொழுந்தியாவக் கேலி பண்றது எங்க சனத்துல அக்கா புருசனுக்கு உள்ள உரிமை. அதுனால யாரும் கோவிச்சுக்காதீங்க. நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. அதுலயும் பாதி நாள் மழை, மீதி நாள் மாஸ்டருக்கு மழை. புஷ்பம் வீட்டுலருந்தே வெளிவாரியா பி.ஏ. படிச்சு, தெல்தெனியப் பக்கம் ஒரு கந்தோர்ல சமூக சேவை உத்தியோகம் பாக்குது.

ஒரு நாள் தேயிலைத் தோட்டத்துலருந்து ஒரு ஆளு வந்து அது மேசைக்கு முன்னால ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாராம். ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைலருந்து ஒரு மாசம் எங்க வீட்டுல இதே பாட்டு.

"அத்தான், நான் அவர்ட்ட என்ன கேட்டிருக்கணும்?"

"டீ குடிக்கிறீங்களான்னு கேட்டிருக்கணும்."

"வெளையாடாதீங்க அத்தான். அவரு எதையோ சொல்லத்தான் வந்தாரு. எனக்குத்தான் கேக்கத் தெரியல."

அப்படித்தான் அதுக்கு மாஸ்டர்ஸ் பைத்தியம் புடிச்சிச்சு. மனக்கஷ்டத்துல வர்றவங்களுக்கு எப்படி உதவுறதுன்னு ஒரு படிப்பு இருக்காம். கண்டியில அது ரெண்டு எடத்துல கெடைக்குது. ஒண்ணு, கண்ணாடிக் கட்டடம். வெளிநாட்டு டிகிரி, ஏசி, ஒன்றரை வருசத்துல கையில பட்டம். இன்னொண்ணு, மேட்டு மேல அரசாங்கம் நடத்துற பழைய கட்டடம். சனி ஞாயிறு வகுப்பு, மூணு வருசம். கண்ணாடிக் கட்டடத்துக்குக் கட்டுற காசுல பத்துல ஒரு பங்கு குடுத்தா அங்க படிக்கலாம். ரெண்டுக்கும் அதே மாசக் கடைசிக்குள்ள காசு கட்டணும்.

இதுல என்ன கொழப்பம்? மலிவா இருக்கிறதுல சேர வேண்டியதுதானேன்னு நீங்க நினைப்பீங்க. நீங்க எங்க மாமனாரப் பாத்ததில்ல.

பெரியதம்பி மாமா கண்டி மாநகர சபையில குப்பை லொறியில இருந்தவரு. டவுன்ல எந்த வீட்டுல என்ன சமைச்சாங்கன்னு வாசத்துலயே சொல்லுவாரு. பென்சன் எடுத்து வந்த காச, கூரைக்குக் கொங்கிரீட் ஸ்லெப் போடணும்னு வச்சிருந்தாரு. மழைக்கு, நாங்க எல்லாரும் ஒண்ணா இருக்குற எங்க வீடு மகாவலி ஆறு மாதிரி. உள்ளுக்குள்ள வள்ளம் விடலாம். அந்தக் காசைத் தூக்கி மகள் முன்னால வச்சாரு.

"கண்ணாடிக் கட்டடத்துலயே சேரு."

"அப்பா, மத்தது மலிவு. படிப்பும் நல்லதுன்னு சொல்றாங்க."

"மலிவா? அடியே, நான் முப்பது வருசம் இந்த டவுன அள்ளுனவன். மலிவா வாங்குன சாமான் எத்தன நாள்ல என் லொறிக்கு வருதுன்னு எனக்குத் தெரியும். வெலகூடுன சாமானை எவனும் குப்பையில போட்டதில்ல."

புஷ்பம் என்னப் பாத்திச்சு. நான் என் வீட்டுக்காரி கமலத்தப் பாத்தேன். கமலம் கூரையப் பாத்திச்சு. எந்திரிச்சுப் போயி ஒழுகுற எடத்துல சட்டிய நகத்தி வச்சிச்சு.

அந்தப் புள்ள முடிவெடுக்க முந்தி மாமா ஒரு வேல பண்ணாரு. எங்க ஆளுங்கள்ள யாராவது கம்பஸ் போனா ரோட்டுல பெனர் கட்டுவோம்ல? அதுல ஒண்ணு அடிச்சுட்டாரு! இன்னும் சேரல, காசு கட்டல. அதுக்குள்ள எங்க சந்து முனையில, யானை படுத்தா மூடுற அகலத்துல ஒரு பெனர். புஷ்பத்தோட படம், கண்ணாடிக் கட்டடத்தோட முத்திரை, "மனநோய் தீர்க்கும் மங்கை"ன்னு எழுத்து. பெனர் அடிக்கிறவன் கல்யாண மண்டப வெளம்பரம் அடிச்சுப் பழகுனவன் போல. கீழ புஷ்பத்தோட போன் நம்பரையும் பெருசா போட்டுட்டான்.

"அப்பா, கழட்டுங்க! நான் டாக்டர் இல்ல. எனக்கு வேலையே போயிரும்!"

"கெடக்கட்டும்டி. நாலு பேரு பாக்கட்டும்."

நாலு பேரா பாத்தாங்க? கண்டி முழுக்க பாத்திச்சு. மறுநாள் விடியக்குள்ள நானே ஏணி போட்டுக் கழட்டிட்டேன். அதுக்குள்ள போன் அடிக்கத் தொடங்கிருச்சு. ஒருத்தன் மாமியார மாத்தி எடுக்க முடியுமான்னு கேட்டான். ஒருத்தி புருசன் கொறட்டைக்கு மருந்து கேட்டா. ஒரு பெரிய மனுசன் லொத்தர் சீட்டுக்கு நம்பர் கேட்டாரு. எல்லாருக்கும் "நான் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலங்க"ன்னு சொல்லிச் சொல்லி அந்தப் புள்ளைக்குத் தொண்டை கட்டிப் போச்சு.

கடைசியில அப்பனோட போராட முடியாம, "சரிப்பா, உங்க இஷ்டம்"னுச்சு. சனிக்கெழமை புஷ்பம், மாமா குடுத்த காசை ஹேன்ட்பேக்குல வச்சு, அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என் த்ரீவீல்ல ஏறிச்சு. சாவு வீட்டுக்குப் போறவங்க மூஞ்சி கூட இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கும்.

கட்டுக்கலப் பிள்ளையார் கோயில் கிட்ட போறப்ப புஷ்பத்தோட போன் அடிச்சிச்சு. மடவளையிலருந்து ஒரு முஸ்லிம் பொம்பளை. பேரு ஸக்கியான்னு வச்சுக்குங்க, நெசப் பேரு சொல்ல மாட்டேன். எங்க ஓட்ட போன்ல பேசுறது பேராதெனிய வரைக்கும் கேக்கும்.

"தங்கச்சி, எங்கட பக்கத்து வூட்டுல ஒரு புள்ள ஈக்கிது. புள்ள பெத்து நாப்பது நாள் கூட ஆகல்ல. நெடுக அழுதுகொண்டே ஈக்கிது. பச்சப்புள்ளயத் தூக்கப் பயமாம். ஒறக்கமும் இல்ல. அவக்கு என்ன சொல்ற?"

அந்தப் பொம்பளை பேசப் பேச, போனுக்குள்ள பக்கத்துலயே ஒரு பச்சப்புள்ள வீறிட்டு அழுவுது. எனக்கே வெளங்கிருச்சு, பக்கத்து வீடு எதுன்னு. புஷ்பத்துக்கு வெளங்காதா? ஆனா என்ன கேக்குறதுன்னு அதுக்குத் தெரியல. அப்பறம், "கொஞ்சம் இருங்க ராத்தா. நான் கட்டாயம் திருப்பி எடுக்குறேன்"னு வச்சிருச்சு.

"அத்தான், வேகமாப் போங்க. அங்க யாருட்டயாவது கேக்கணும்."

போனேன். கண்ணாடிக் கட்டடத்துல கதவு தானாத் தொறக்குது. உள்ள போனா குளிருல பல்லு தந்தியடிக்குது. ரிசெப்ஷன்ல இருந்த ஒரு தங்கச்சி ஓடிவந்து குடிக்க மைலோ குடுத்திச்சு. நல்ல புள்ளதான், குத்தம் சொல்லக் கூடாது. புஷ்பம் மைலோவத் தொடாம விசயத்தச் சொல்லிச்சு. அந்தப் புள்ள கோட்டுப் போட்ட ஒரு லெக்சரர் சேரக் கூட்டிக்கிட்டு வந்திச்சு. அவரும் தன்மையாத்தான் பேசுனாரு.

"ரொம்ப நல்ல கேள்வி. அது நம்ம ரெண்டாவது செமஸ்டர்ல வருது. மொதல்ல அவங்க 'பக்கத்து வீடு'ன்னு சொல்றத விட்டுட்டு 'நான்'னு பேசப் பழகணும். நீங்க பதிவ முடிச்சிருங்க, எல்லாம் வெளக்கமா படிப்போம்."

"சேர், அந்தப் புள்ள இப்ப போனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க"ன்னுட்டு அவரு வகுப்புக்குப் போயிட்டாரு.

காசு கட்டுற ஜன்னலுக்கு முன்னால புஷ்பம் நின்னிச்சு. பேக்கைத் தொறந்திச்சு, மூடிச்சு. மறுபடி தொறந்திச்சு, மூடிச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியக் கடிச்சிருப்பேன். "அடியே, கட்டுறதுன்னா கட்டு, இல்லாட்டி வா!"

"வாங்க, மேட்டுக்குப் போவோம்."

அந்த மேடு இருக்கே, அது ரோடு இல்ல, சொர்க்கத்துக்குப் போற ஏணி. என் த்ரீவீல் பெத்த தாயக் கூப்பிட்டு அழுதுச்சு. மேல போனா கந்தோர் பூட்டு. வகுப்புகளுக்கு அப்ப லீவாம், ஆள் இல்ல. ஒரு அறையில மட்டும் ஒரு யாழ்ப்பாணத்து மிஸ், புஷ்பத்த விட வயசு கொறைவு, சோத்துப் பார்சலப் பிரிச்சுக்கிட்டு இருந்திச்சு. எங்களக் கண்டதும் மூஞ்சி சுருங்கிச்சு.

"விண்ணப்பமெண்டால் திங்கக்கிழமை வாங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் இல்லை."

"விண்ணப்பம் இல்ல மிஸ்..."ன்னு புஷ்பம் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிச்சு.

அந்த மிஸ் பார்சல அப்படியே மடிச்சு வச்சிச்சு.

"இன்னும் திருப்பி எடுக்கேல்லையோ? இப்பவே எடுங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்."

"என்ன கேக்குறது மிஸ்?"

"அவ பக்கத்து வீடெண்டால் நீங்களும் பக்கத்து வீடெண்டே கதையுங்கோ. அதை உடைக்க வேண்டாம். அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ, நித்திரை கொண்டதோ, வீட்டில துணைக்கு ஆர் இருக்கினம் எண்டு கேளுங்கோ. தனக்கோ குழந்தைக்கோ ஏதும் செய்துபோடுவன் எண்டு பயப்பிடுதோ எண்டும் நேராக் கேளுங்கோ. கேக்கிறதால அந்த எண்ணம் வந்திடாது." பெறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் வெளியில நில்லுங்கோ அண்ணை"ன்னிச்சு.

வெளிய நின்னேன். வெயில்ல என் மண்டை வடை மாதிரி பொரிஞ்சுது. உள்ளுக்க புஷ்பத்தோட கொரல் மெதுவாக் கேக்குது. நெடுநேரம் சத்தமே இல்ல. அது கேட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

புஷ்பமும் மிஸ்ஸும் வெளிய வந்தாங்க. அந்த ஸக்கியாவுக்குத் துணையா அவ உம்மா வந்துட்டாங்களாம். அன்னைக்கே மிட்வைஃப் அம்மாவும் போறாங்களாம், மறுநாள் க்ளினிக்குக்கும் கூட்டிக்கிட்டுப் போவாங்களாம்.

"மிஸ், நான் இங்க படிச்சா, தடுமாறுறப்ப இப்படி யாராவது பக்கத்துல இருப்பாங்களா?"

"கிழமைக்கு ஒருக்கா ஒராள் உங்களோட இருந்து, என்ன கேட்டனீங்கள், ஏன் கேட்டனீங்கள் எண்டு குடைவம். பேச்சும் வாங்குவியள். மூண்டு வருசம் எண்டு சொல்லுவம், நாலாகும். ஃபேனும் சுத்தாது. யோசிச்சுச் சேருங்கோ."

புஷ்பம் யோசிக்கல. திங்கக்கெழமையே லீவு போட்டுட்டுப் போய், தன் சம்பளக் காசக் கட்டிச் சேந்திருச்சு. மாமா காசு பேக்கோட வீட்டுக்குத் திரும்பி வந்திருச்சு.

அதுக்கப்பறம் எங்க வீடு வீடா இருந்திச்சு? போர்க்களம், ஆனா சத்தமில்லாத போர்க்களம். மாமா மகளோட பேசுறத நிப்பாட்டிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே பாயில உக்காந்திருப்பாங்க. நடுவுல நான் தபால்காரன்.

"மாப்புள்ள, ஒங்க கொழுந்தியாள ரசம் ஊத்தச் சொல்லுங்க."

"புஷ்பம், ரசம்."

"அத்தான், ரசம் முடிஞ்சுன்னு சொல்லுங்க."

"மாமா, ரசம் முடிஞ்சாம்."

"என் காசு வேணாமாம், ரசமாவது மிச்சம் வைக்கலாம்லன்னு கேளுங்க மாப்புள்ள!"

நான் சாப்பிட்டா எறங்குமா? அந்த மாசத்துல பாதி ஆளா எளச்சுட்டேன். மீதிப் பாதி அன்னைக்கு அந்த மேட்டுல ஏறினதுலயே போயிருந்திச்சு.

மொத வகுப்பு நாளன்னைக்கு புஷ்பம் ஏறுறதுக்கு முந்தி மாமா வேட்டி கட்டி, த்ரீவீல்ல உக்காந்திருக்காரு. மேல போனதும் மகள விட முந்தி எறங்கி, கட்டடத்தச் சுத்தி வந்தாரு. குப்பைத் தொட்டிய எட்டிப் பாத்தாரு. நேரா அந்த யாழ்ப்பாணத்து மிஸ்ஸுக்கு முன்னால போய் நின்னாரு.

"அம்மா, நான் இந்தப் புள்ளையோட அப்பன். ஒண்ணு கேக்கணும். வெளிய அவ்வளவு காசு வாங்குறான். நீங்க மட்டும் ஏன் இவ்வளவு மலிவாக் குடுக்குறீங்க? சாமான்ல என்ன பழுது?"

புஷ்பம் பொடவைத் தலைப்பால மூஞ்ச மூடிக்கிச்சு. நான் டயரப் பாக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அந்த மிஸ் சிரிக்கல. "பழுதில்லை ஐயா. மிச்சக் காசை அரசாங்கம் போடுது."

"அரசாங்கத்துக்கு ஏது காசு?"

"வரிதான். நீங்கள் வாங்கிற சீனியில, மாவில, பஸ் ஓடுற டீசலில எல்லாம் வரி இருக்குத்தானே."

எனக்கு மாமாவத் தெரியும், அவரு தலைக்குள்ள வாழ்நாள் பூரா வாங்குன சீனி மூட்டையெல்லாம் ஊர்வலம் போகுது.

"அப்ப... இது என் காசா?"

"ஓம் ஐயா. உங்கட காசும்தான்."

மெதுவா மகள் பக்கம் திரும்புனாரு. ஒரு மாசமா மகளோட பேசாத வாயி.

"போ, போயி முன் வரிசையில உக்காரு. காசு கட்டுன எடம். பின்னால போயி ஒளியாத."

புஷ்பம் கண்ணத் தொடச்சுக்கிட்டே ஓடிப் போச்சு. சரி, கத முடிஞ்சிச்சு, வீட்டுக்குப் போவோம், எனக்கு ஹயர் சவாரி காத்திருக்குன்னு நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணா, மாமாவக் காணோம். தேடிப் போனா, அங்க காவலுக்கு நிக்கிற வாச்சரப் புடிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"ஃபேன் ஏன் சுத்தல? தண்ணிப் பீலி ஏன் ஒழுகுது? இது யாரு காசுன்னு தெரியுமா?"

அந்தச் சிங்கள வாச்சருக்கு ஒண்ணும் வெளங்கல. "மொகத மே மஹத்தயா கியன்னே?"ன்னு என்னக் கேக்குறான், இவரு என்னதான் சொல்றாருன்னு.

மாமா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். இப்ப சனிக்கெழமை தவறாம மாமாவும் ஏறிக்கிறாரு. மகளை எறக்கி விடுறது சாட்டு. கட்டடத்த மேற்பார்வை பாக்கப் போறாரு.