வாசமில்லாத எண்ணெய்

சிங்கப்பூர் தேக்காவில் நான் மசாஜ் எண்ணெய் வாங்கப் போன கடையில், பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் நின்றிருந்தார். பெருத்த உடம்பு, நரைத்த மீசை. ஒவ்வொரு புட்டியையும் கண்ணை மூடி முகர்ந்து, தலையை ஆட்டி, திரும்ப வைத்தார்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். “வைஃபுக்கு மேடம். சந்தனம்னா விளக்கேத்தப் போயிடுவா. லாவண்டர்னா தரைய மாப் போட்டுத் துடைக்கணும்னு தோணும். எலுமிச்சைப்புல்லுன்னா கறி கொதிக்குதுன்னு அடுப்பப் பாக்க எழுந்துடுவா. அவ அரை மணி நேரம் சும்மா படுக்கணும் லா!”

கடைசியில் வாசமே இல்லாத பாதாம் எண்ணெயும், கறை தெரியாத கறுப்புத் துண்டும் கிடைத்த பூரிப்போடு போனார்.

நான் எலுமிச்சைப்புல் எண்ணெய்தான் வாங்கினேன். அன்று மாலை என் கணவர் என் தோளைப் பிடித்துவிடத் தொடங்கியதும், “ஐயோ, அடுப்ப அணைச்சேனா?” என்று எழுந்து ஓடினேன்.

அன்று நாங்கள் சமைக்கவே இல்லை.